ஜட்டு (ஜடேஜா) டிரேட்: என் பழைய பதிவுக்கு ஒரு அப்டேட்

"ஜட்டுவ குடுத்தா சிஎஸ்கே மேட்ச் பாக்கறதையே விட்டுடுவேன்"னு கத்திகினு இருந்தேன்ல, அதுக்குத்தான் இது. 2025 நவம்பர்ல ஜடேஜா, சாம் கரன் ரெண்டு பேரையும் ராஜஸ்தான் ராயல்ஸ் டீமுக்கு அனுப்பிட்டு 18 கோடிக்கு சஞ்சு சாம்சன எடுத்தாங்க, சத்துவாச்சாரி டீக்கடைல மச்சானோட ரெண்டு நாள் பேச்சே இல்ல. அப்புறம் டிசம்பர் 16 ஐபிஎல் ஏலத்துல, அதுவரைக்கும் இந்தியாவுக்கே ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மாவுக்கு தலா 14.20 கோடி! ஜட்டு சம்பளத்த 14 கோடியா கொறச்சிகினு போனாரு, அவரு எடத்துக்கு வந்த 20 வயசு பிரசாந்துக்கு அவர விட 20 லட்சம் கூட, இன்னா கணக்கு நைனா இது?

ஆனா இதே மாதிரி சின்ன பையனா சிஎஸ்கேவுக்கு 30 லட்சத்துக்கு வந்த ஆயுஷ் மாத்ரே, 2025 சீசன்ல ஆர்சிபி (பெங்களூரு) டீமுக்கு எதிரா 94 ரன் அடிச்சத நெனச்சா வாய மூடிக்கத்தான் தோணுது. டிவி ரீசார்ஜ் பண்ணிட்டேன், மச்சான்கிட்ட சொல்லிடாதீங்க.