விபத்து கேஸ் வக்கீல்கள்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

எங்க அப்பா தச்சு வேலை செய்பவர். திண்டிவனம் பக்கம் பைக்கில் போனவரை வேன் ஒன்று இடித்துத் தள்ளியது. இடது முழங்கை நொறுங்கிப் பிளேட் வைத்தும் கை முழுசாக மடங்கவில்லை. மெடிக்கல் போர்டு 35 சதவீத ஊனம் என்று எழுதியது. அந்த அளவுக்குத்தான் பணம் வரும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள்.

எங்கள் வக்கீல் முப்பது வருஷத்துக்கு மேல் விபத்து கேஸ் மட்டுமே நடத்துபவர். எஃப்.ஐ.ஆர், டிஸ்சார்ஜ் சம்மரியை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, "ஐயா, பலகையை எப்படி இழைப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். அப்பா மேஜை மேல் குனிந்தார். இடது கை பாதியில் நின்றது. தோளைத் தூக்கி, உடம்பைச் சாய்த்துச் சமாளிக்கப் பார்த்தார். இழைப்புளியின் முன்பக்கத்தை அழுத்துவது எந்தக் கை, உளி எந்தக் கையில் இருக்கும், சுத்தியல் எந்தக் கையில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கோர்ட்டில் எழுத்தில் கொடுத்த நிரூபண வாக்குமூலத்தில் அதுதான் முக்கியமான பத்தி.

குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், "நடக்கிறீங்களா? சட்டை போட்டுக்கிறீங்களா? நீங்களேதான் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெளியே வந்ததும் எங்கள் வக்கீல், "சாப்பிட முடியலைன்னு நாம சொல்லவே இல்லையேம்மா. தொழில் செய்ய முடியலைன்னுதானே சொல்றோம். அவர் உண்மையைச் சொன்னதுதான் நமக்குப் பலம்" என்றார்.

வாதத்தில் அவர் பிடித்தது 2010ல் வந்த ராஜ்குமார் வழக்குத் தீர்ப்பை. இடது கையை இழந்தால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே அதில் சொல்லியிருக்கிறது. வருமானத்துக்கு ரசீது கேட்டபோது, காய்கறி வியாபாரி ஒருவருக்கு ரசீதே இல்லாமல் மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று ஏற்றுக்கொண்ட 2014 தீர்ப்பை நீட்டினார்.

தீர்ப்பாயம் அப்பாவின் மாத வருமானத்தை 12,000 என்று வைத்தது. வயது 44, சொந்தத் தொழில், அதனால் எதிர்கால வருமானத்துக்காக 25 சதவீதம் சேர்த்து 15,000. வருஷ வருமானத்தை அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 14. மொத்தம் 25,20,000. இதில் 35 சதவீதம் என்றால் 8,82,000தான். தொழிலில் ஏற்பட்ட இழப்பு 70 சதவீதம் என்று நீதிபதி ஏற்றதால் 17,64,000 வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனைக்கானது எல்லாம் தனி. அந்த வித்தியாசம் முழுக்க, வக்கீல் மேஜையில் அப்பா குனிந்து காட்டிய அந்த அரைமணி நேரத்தில் சம்பாதித்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

~~~

நான் சென்னை சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் இப்படி விபத்து கேஸ் நடத்தும் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேஸ் பிடிக்கும் புரோக்கர்களை ஆபீஸ் படியேற விடமாட்டார். அவரிடம் நான் அதிகம் மதித்தது அவார்டு, அதாவது நஷ்டஈட்டுத் தீர்ப்பு வந்த பிறகு அவர் செய்ததை. கணவரை இழந்த பெண் என்றால், மாமனார், மைத்துனர் எல்லோரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தம்மாவிடம் மட்டும் பேசுவார். "உன் பங்கு இவ்வளவு. பிள்ளைங்க பங்கு 18 வயசு வரைக்கும் பேங்க்ல டெபாசிட்ல இருக்கும், கோர்ட் உத்தரவு இல்லாம யாராலும் எடுக்க முடியாது. உன் பேர்ல தனிக் கணக்கு இருக்கா?" இல்லை என்றால் குமாஸ்தாவைக் கூடவே பேங்க்குக்கு அனுப்புவார். இதற்கெல்லாம் ஃபீஸ் கிடையாது. நிறைய பேர் இதைத் தங்கள் வேலையாகவே நினைப்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

~~~

எங்கள் அண்ணனின் விபத்து கேஸ், சமரசமாகப் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் முடிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி சொன்ன தொகை கொஞ்சம் குறைவு. என் தம்பி ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றான். வக்கீலம்மா ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதிக் காட்டினார்: தீர்ப்பு வரை போனால் எவ்வளவு கிடைக்கலாம், அவர்கள் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனால் எத்தனை காலம் இழுக்கும். லோக் அதாலத் முடிவு மேல் அப்பீல் கிடையாது என்பதையும், அது நமக்கும் சேர்த்துத்தான் என்பதையும் சொன்னார். "கேஸ் நடந்தா எனக்கும் ஃபீஸ்தான். ஆனா அண்ணனுக்கு அடுத்த ஆபரேஷன் எப்போ?" என்று கேட்டார். தம்பி கையெழுத்துப் போட்டான்.