நிலாவெளியில் தங்கிவிட்டு வந்த பிறகு 18,500 ரூபா ‘விசேட துப்புரவுக் கட்டணம்’. எப்படித் திருப்பிக் கேட்பது?

யாழ்ப்பாணத்து அப்பா:
ஓகஸ்ட் விடுமுறையில் கோணேசர் கோயிலுக்கும் புறாமலைக்கும் என்று பிள்ளைகளோடு திருகோணமலை போயிருந்தோம். நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் குடும்ப அறை. விடுதியின் பேரை இங்கே போடவில்லை, எனக்குப் பழிவாங்கல் வேண்டாம், காசுதான் திரும்ப வேண்டும். கிளம்புகிற நாள் காலையில் வேலை செய்கிற தம்பி அறைக்குள் வந்து குளியலறை, கட்டில், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் பார்த்துவிட்டுச் சரி என்றார். அதன் பிறகுதான் கணக்கு முடித்து, 10 வீதச் சேவைக் கட்டணமும் சேர்த்துக் கட்டி, பில்லில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் கார்ட்டில் இன்னொரு 18,500 வெட்டியிருக்கிறார்கள். போன் பண்ணிக் கேட்டால் ‘விசேட துப்புரவு’ என்கிறார்கள், அதற்கு மேல் விவரம் இல்லை. வாட்ஸ்அப்பில் மூன்று படம் வந்தது: விரிப்பில் சிவப்புக் கறை, குளியலறையில் மணல், வெறும் குளிர்சாதனப் பெட்டி ஒன்று, அதற்குக் கீழே ‘மீன் வாடை’ என்று எழுதியிருக்கிறது. படத்தில் வாடை எப்படித் தெரியும்? இதை நான் விடப்போவதில்லை.

உப்புவெளி விடுதிக்காரன்:
அண்ணை, கோபம் விளங்குகிறது, ஆனால் எங்கள் பக்கமும் ஒருக்கால் கேளுங்கள். எனக்கு ஐந்து அறைதான். இங்கே சீசன் என்பது சித்திரை முடிய ஆரம்பித்து புரட்டாசியோடு போய்விடும், வாடைக்காற்று மழை தொடங்கினால் கடற்கரையில் ஆள் இல்லை. அந்தச் சில மாதத்தில்தான் வருசம் முழுக்கச் சம்பாதிக்க வேண்டும். ஒரு குடும்பம் பதினொரு மணிக்குக் கிளம்புகிறது, அடுத்த குடும்பம் இரண்டு மணிக்கு வாசலில் நிற்கிறது. வாசலில் கால் கழுவக் குழாய் வைத்து, ‘மணலோடு உள்ளே வராதீர்கள்’ என்று மூன்று மொழியிலும் எழுதிப் போட்டிருக்கிறேன், யார் பார்க்கிறார்கள்? வெள்ளைத் துவாயைக் கடலுக்குக் கொண்டுபோய் உடம்பில் பூசிய எண்ணெயோடு திருப்பித் தருகிறார்கள். சந்தையில் கருவாடு வாங்கி அறைக்குள் வைத்து ஏசியைப் போட்டு ஒரு இரவு பூட்டினால், அந்த வாடை மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஏறிவிடும், அடுத்த ஆளுக்கு அந்த அறையைக் கொடுக்க முடியாது. அந்த ஒரு நாள் வாடகையை யார் தருவது? அவசரமாகப் பார்க்கும்போது எல்லாம் கண்ணில் படாது, மெத்தையைத் தூக்கும்போதுதான் தெரியும். தம்பி சரி என்றார் என்பதற்காகக் கதை முடிந்துவிடாது.

யாழ்ப்பாணத்து அப்பா:
நாங்கள் கருவாடு வாங்கினோம்தான், அது முழு நேரமும் வான் வண்டிக்குள் பெட்டியில் இருந்தது, அறைக்குள் வரவே இல்லை. கறை விசயத்துக்கு வருகிறேன். கறை நண்டுக் கறியால் வந்தது, அதைச் சமைத்ததும் அறைக்குக் கொண்டுவந்து தந்ததும் அவர்களுடைய குசினிதான், பில்லில் அது தனியாக இருக்கிறது. அறையில் சாப்பிட மேசை இல்லை. வெளியில் ஒரு சிறிய மேசை, இரண்டு கதிரை, நாங்கள் ஐந்து பேர். கடைசிப் பிள்ளை கட்டிலில் இருந்துதான் சாப்பிட்டான், விரிப்பில் கொஞ்சம் பட்டது. அன்றைக்கே அந்தத் தம்பியிடம் நானே காட்டினேன், அவர் விரிப்பை மாற்றித் தந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு விசயம், அப்போது பார்த்த கறை மஞ்சள். படத்தில் இருப்பது நல்ல சிவப்பு. அது எங்கள் விரிப்புத்தானா என்றே எனக்குச் சந்தேகம்.

சலவை தெரிந்த அக்கா:
தம்பி, அந்தச் சிவப்பைப் பற்றி நான் சொல்கிறேன். அது உங்கள் விரிப்பாகவே இருக்கலாம். மஞ்சள் கறையில் சவர்க்காரமோ சலவைச் சோடாவோ பட்டால் உடனே சிவக்கும், கறிக்குப் போடுகிற மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்கிற சாயம், சவர்க்காரம், சோடா மாதிரியான காரத்தில் நிறம் மாறுகிற சாமான். கொஞ்சம் எலுமிச்சம்புளி விட்டால் திரும்ப மஞ்சளாகும். ஆனபடியால் படம் எடுத்தது துவைக்கப் போட்ட பிறகு. கறை அப்போது இன்னும் போகவில்லை என்பது மட்டும்தான் அந்தப் படம் சொல்லும், விரிப்பு நாசமாகிவிட்டது என்று சொல்லாது. கறியில் எண்ணெய் இருப்பதால் முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும், பாத்திரம் கழுவுகிற திரவம் போதும், அதற்குப் பிறகு ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்துவிட்டால் மஞ்சள் தானாக வெளிறும், வெயிலுக்கு அது நிற்காது. ஓகஸ்ட் மாதம் நிலாவெளியில் வெயிலுக்கா பஞ்சம்? கல்யாண வீட்டு மேசைத் துணிகளை நாங்கள் இப்படித்தான் எடுக்கிறோம். இரண்டு தரம் காயப்போட வேண்டி வரும், அதற்குப் பதினெண்ணாயிரம் கேட்பது அநியாயம்.

உப்புவெளி விடுதிக்காரன்:
அக்கா, வீட்டில் ஒரு துணி என்றால் வெயிலில் போட்டுக் காத்திருக்கலாம். எனக்கு ஒரு கட்டிலுக்கு மூன்று சோடிதான் விரிப்பு: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் மற்றக் கட்டிலுக்கு எங்கே போவது? குளோரீன் போட்டு அவசரப்படுத்தினால் பருத்தி நைந்துபோகும். இதெல்லாம் செலவு இல்லையா? கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற விதித்தாளில் விசேட துப்புரவுக்குக் காசு அறவிடப்படும் என்று எல்லா விடுதியிலும் இருக்கும், பதிவு செய்யும்போது நீங்கள் கையெழுத்து வைத்த தாளிலும் இருக்கும். படியுங்கள்.

யாழ்ப்பாணத்து அப்பா:
படித்தேன், அந்த வசனம் இருக்கிறது. எவ்வளவு என்று இல்லை, எதற்கு என்று இல்லை. தொகை எழுதாத தாளில் நான் கையெழுத்து வைத்ததை, பிறகு எந்தத் தொகையையும் எழுதலாம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா அண்ணை? நாளைக்கு ஐம்பதாயிரம் என்று போட்டாலும் அதே வசனம்தானே காட்டுவார்கள்? நான் அங்கே நிற்கும்போது கேட்டிருந்தால் அறையைச் சேர்ந்து பார்த்திருப்போம், உள்ள செலவைப் பேசி முடித்திருப்போம். நூறு மைலுக்கு மேல் தள்ளி வீட்டில் இருக்கிற என்னிடம் படத்தைக் காட்டி எதை நிரூபிக்கப் போகிறார்கள்?

திருமலைத் தம்பி:
நான் இங்கே ஒரு பெரிய ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறேன். விடுதிக்கார அண்ணை மணலைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. ஷவருக்குக் கீழே இருக்கிற வலைத்தட்டைத் தூக்கினால் மணலும் தலைமயிரும் கட்டியாக இருக்கும், கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும், குச்சியால் குத்தினால் இன்னும் உள்ளே போய் அடைக்கும். ஆனால் அது எங்கள் தினசரி வேலை, கடற்கரை ஹோட்டலில் மணல் வராத அறை ஒன்று நான் பார்த்ததில்லை. அதற்குத்தான் சம்பளம். விசேடம் என்று நான் சொல்வது வாந்தி, மெத்தை வரைக்கும் இறங்கின ஈரம், சிகரெட் சூடு, இப்படியானதை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், 10 வீதச் சேவைக் கட்டணத்தில்தான் எங்களுக்குப் பங்கு வருகிறது, இப்படிப் பிறகு அறவிடுகிற காசில் துடைத்தவனுக்கு ஒரு சதமும் வந்ததை நான் காணவில்லை. தங்கினவர் கேட்கும்போது “தம்பி பார்க்கவில்லை” என்று எங்கள் தலையில்தான் போடுவார்கள். அந்தப் பிள்ளை சரி என்று சொன்னபடியால் அவனுக்கு இப்போது என்ன நடந்திருக்கோ தெரியாது.

யாழ்ப்பாணத்து அப்பா:
அந்தத் தம்பியின் பேரை நான் எந்த முறைப்பாட்டிலும் எழுதமாட்டேன். விடுதியின் ஆள் ஒருவர் பார்த்தார் என்று மட்டும் போடுகிறேன்.

கார்ட் பிரிவில் வேலை:
அண்ணை, உங்கள் விசயத்தில் காசு போனது கார்ட்டில் என்பது நல்லது. கையில் கொடுத்த முற்பணத்தில் கழித்திருந்தால் இன்னும் கஷ்டம். அறையில் எடுத்துச் சாப்பிட்ட சாமான், விட்டுப்போன சாப்பாட்டுக் கணக்கு, இவற்றை விடுதி பிறகு சேர்க்கலாம். சேதத்துக்கு என்று எடுக்கிற காசு வேறு வகை, தொகையை உங்களுக்குச் சொல்லி, நீங்கள் சம்மதித்த பிறகு தனியாக எடுக்க வேண்டும். பதிவின்போது கொடுத்த கார்ட் இலக்கம் அந்தச் சம்மதம் ஆகாது. முதலில் விடுதிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், போனில் கதைத்தது நிற்காது. செலவு விவரமும் சலவைப் பில்லும் கேளுங்கள், நாள் குறித்துக் கேளுங்கள். அந்த நாளுக்குள் பதில் இல்லை என்றால் அதே மின்னஞ்சல், கையெழுத்துப் போட்ட பில், வாட்ஸ்அப் படம் மூன்றையும் சேர்த்து வங்கியில், இந்தக் காசை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்கிற தகராறுப் படிவம் கொடுங்கள். இதற்குக் கால எல்லை இருக்கிறது, அடுத்த மாத அறிக்கை வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். கார்ட்டையும் மாற்றி எடுங்கள், இலக்கம் இன்னும் அவர்களிடம் இருக்கிறது.

உப்புவெளி விடுதிக்காரன்:
எடுத்ததும் வங்கிக்குப் போனால் சின்ன விடுதிக்காரன் என்ன செய்வான்? வங்கி காசைத் திருப்பி எடுத்துவிட்டு எங்களிடம்தான் ஆதாரம் கேட்கும். எங்களுக்கு அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. உண்மையாகவே மெத்தையை நாசமாக்கிவிட்டுப் போகிறவனும் இதே வழியில்தான் காசைத் திருப்பி எடுக்கிறான்.

கார்ட் பிரிவில் வேலை:
அதற்குத்தான் அண்ணை, ஆள் நிற்கும்போதே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள் என்கிறோம். அந்த ஒரு தாள் இருந்தால் வங்கியில் நீங்கள்தான் வெல்வீர்கள்.

சலவை தெரிந்த அக்கா:
நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையையும் மறக்காதீர்கள் தம்பி. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் ஆளை ஏமாற்றுகிற மாதிரி நடக்கக் கூடாது என்றும் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், எழுத்திலும் கொடுங்கள். விடுதி சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்ததா என்றும் பாருங்கள், பதிந்தது என்றால் அங்கேயும் ஒரு பிரதி போகட்டும்.

யாழ்ப்பாணத்து அப்பா:
இன்றைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். 18,500க்கு விவரம், சலவைப் பில், அறையைப் பார்த்த நேரம், படம் எடுத்த திகதி, எல்லாம் கேட்டிருக்கிறேன். ஒரு விரிப்புக்கான சலவைக் காசை, பில்லைக் காட்டினால் தருவேன் என்றும் எழுதியிருக்கிறேன், பிள்ளை கறி ஊற்றியதை நான் மறைக்கவில்லை. மிச்சத்தை ஏழு நாளுக்குள் கார்ட்டுக்குத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் எட்டாம் நாள் வங்கிப் படிவம்.

உப்புவெளி விடுதிக்காரன்:
அது நியாயமான கடிதம். 18,500 என்ற கணக்கை நானும் ஒத்துக்கொள்ளமாட்டேன், எங்கள் பக்கம் ஒரு விரிப்புக்கு அவ்வளவு வராது. மணல் விசயத்தில் மட்டும் நான் சொன்னது சொன்னதுதான். அடுத்த முறை வந்தால் பிள்ளைகளை வாசல் குழாயில் கால் கழுவச் சொல்லுங்கள் அண்ணை.