சாராயம் சேர்த்த ஐஸ்கிறீம் ஃப்ளோட்: உங்கள் வீட்டு ஒன்றுகூடலில் என்ன நடந்தது?

கல்லடி உப்போடை வாசி

மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து, வீட்டில் விரதங்களும் நிறைவுற்ற வாரத்தில் நடந்தது இது. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த பெரியப்பாவின் மகன், அங்கே கோடையில் எல்லோரும் செய்வது போல பானத்தில் ஐஸ்கிறீமை மிதக்கவிடும் ஃப்ளோட்டை நாமும் செய்வோம் என்றார். கச்சான் காற்று மூன்று நாட்களாக அனலாக அடித்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் மறுக்கவில்லை. வனிலா ஐஸ்கிறீம், தென்னஞ் சாராயம், எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் என்ற இஞ்சிச் சோடா ஆகியவற்றை வாங்கி வந்து, முற்றத்தில் மேசை போட்டு, பன்னிரண்டு கிளாஸ்களை வரிசையாக வைத்தோம். ஐஸ்கிறீமைப் போட்டு, அதன் மேலேயே சாராயத்தை ஊற்றி, சுவை கூடட்டும் என்று ஒவ்வொன்றிலும் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டு, கடைசியாக ஜிஞ்சர் பியரை நிரப்பினேன்.

வெண்மையாக இருந்த ஐஸ்கிறீம் என் கண் முன்னாலேயே துணிக்கை துணிக்கையாகப் பிரிந்தது. மூத்த மாமா தமது கிளாஸை மின்குமிழுக்கு நேரே உயர்த்திப் பார்த்து, "மருமகன், இது பால் திரைஞ்சு கிடக்குப் போல" என்று மெதுவாகச் சொன்னார். வேறு ஒன்று செய்து தருகிறேன் என்று நான் கையை நீட்டுவதற்குள், வந்த உறவினர்களுக்கு முன்னால் எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்பதற்காக, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் முழுவதையும் குடித்து முடித்தார். அந்த வெற்றுக் கிளாஸின் உட்சுவரில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணிக்கைகள் இன்னும் என் நினைவை விட்டுப் போகவில்லை. தவறு தேசிக்காயினாலா, சாராயத்தினாலா, அல்லது ஐஸ்கிறீம் பழையதா என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

படுவான்கரைப் பால் நிலையம்

தம்பி, ஐஸ்கிறீமைக் குறை சொல்ல வேண்டாம். தேசிக்காயும் சாராயமும் சேர்ந்துதான் அதைச் செய்தன.

நான் பல வருடங்களாகப் பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். காலையில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கேன் கேனாக வரும் பாலில் சிறிதளவு எடுத்து, அதே அளவு ஏறக்குறைய 70 சதவீத மதுசாரத்தைச் சேர்த்துச் சோதனைக் குழாயைச் சரித்துப் பார்ப்பது எங்கள் நாளாந்தச் சோதனை. நல்ல பால் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். புளிக்கத் தொடங்கிய பால், மூக்குக்கு இன்னும் தெரியாத நிலையிலும், குழாயின் சுவரில் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொள்ளும். ஒரு முறை என் சொந்த அண்ணாவின் கேனைச் சோதித்தபோது அந்தப் பொட்டுகள் தோன்றின. இரண்டு மணி நேரம் வெயிலில் வந்த பாலைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அவர் கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பிய நடையை என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் கிளாஸில் கண்ட துணிக்கையும் அந்தப் பொட்டும் ஒரே வகையானவைதான். பாலின் கேசின் என்ற புரதம், புளிப்பு மிகுந்து, அதைக் காட்டும் பிஎச் அளவு 4.6 வரை இறங்கும்போது ஒன்றோடொன்று கூடித் திரளும். மதுசாரம் சேரும்போது அது இன்னும் எளிதாகத் திரளும். ஜிஞ்சர் பியரிலும் புளிப்பு உண்டு. இருந்தாலும் குளிரும் சீனியும் சற்று நேரத்துக்குப் பாலைக் காப்பாற்றும். நீங்கள் அரைத் தேசிக்காயைப் பிழிந்ததோடு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. நீர்க்காத சாராயத்தை ஐஸ்கிறீமின் தலையிலேயே ஊற்றியது அதற்கு முன்னரே பாதி வேலையைச் செய்திருந்தது.

ஆகவே அடுத்த முறை வரிசையை மாற்றுங்கள். முதலில் 30 மில்லிலீற்றர் சாராயத்தை அளந்து வெறும் கிளாஸின் அடியில் விடுங்கள், அளக்காமல் கண்மதிப்பாக ஊற்றாதீர்கள். அதன் மேல், முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்த ஜிஞ்சர் பியரை ஏறக்குறைய 150 மில்லிலீற்றர், கிளாஸைச் சரித்துச் சுவரோடு மெதுவாக ஊற்றுங்கள். சாராயம் அப்போது போதிய அளவு நீர்த்துவிடும். ஐஸ்கிறீமைக் கடைசியாக, இரண்டு உருண்டைகள், மேலே மிதக்கும்படி விடுங்கள். தேசிக்காய் மணம் வேண்டும் என்பவர்கள் சாற்றைப் பிழியாமல் பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி மேலே போடலாம். மணம் முழுவதும் தோலின் எண்ணெயில்தான் இருக்கிறது. கொடித்தோடம்பழச் சாறு சேர்க்கலாமா என்று யாரேனும் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிடுகிறேன்: அதுவும் தேசிக்காயைப் போலத்தான். இனிப்புப் போதாது என்றால் கித்துள் பாணி ஒரு தேக்கரண்டி விடுங்கள். தென்னஞ் சாராயத்தோடு அது மிகவும் நன்றாகப் பொருந்தும்.

ஆரையம்பதி மருமகள்

எல்லோரும் திரைந்ததைப் பற்றி எழுதுகிறீர்கள். என் மனதை அறுப்பது கிளாஸ் மாறிப் போனது.

வைகாசி மாதம், எங்கள் ஊர்ப் பக்கம் கண்ணகை அம்மன் சடங்குக் காலம். மாமி விரதம். வீட்டுக்காரரின் நண்பர்கள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்ததால், இந்த நாட்களில் வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல், வீட்டின் பின்புறத்தில் ஃப்ளோட் செய்தார்கள். பிள்ளைகளுக்குக் கிறீம் சோடாவில், பெரியவர்களுக்குச் சாராயத்தில். எல்லாம் ஒரே வகைக் கிளாஸ், ஒரே வெள்ளை நுரை. கடைக்குட்டி, அப்பம்மாவுக்கும் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில், தட்டில் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு முன் விறாந்தைக்கு ஓடிவிட்டான்.

மாமி ஒரே ஒரு வாய்தான் குடித்தார். கிளாஸைத் திண்ணையில் சத்தம் வராமல் வைத்தார். பேரனின் தலையைத் தடவினார். எழுந்து கிணற்றடிக்குப் போய், வாளி நிறையத் தண்ணீர் அள்ளி, மூன்று தரம் வாய் கொப்புளித்தார். என்னையோ தமது மகனையோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஐஸ்கிறீமின் இனிப்பும் குளிரும் சாராயத்தின் மணத்தை முற்றாக மூடிவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆறு வயதுப் பிள்ளையின் மூக்குக்கு அது எட்டவே இல்லை. அவன் அதைத் தான் குடித்திருந்தால் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். இப்போது எங்கள் வீட்டில் பிள்ளைகளின் ஃப்ளோட் எவர்சில்வர் டம்ளரில் மட்டுமே கொடுக்கப்படும். பெரியவர்களுடையது கண்ணாடியில், வேறு மேசையில், ஒரு பெரியவரின் கண்பார்வையில் இருக்கும்.

அறுகம்பைச் சமையலறை

நான் பொத்துவில் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை செய்தவன். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு விளையாட வருபவர்களால் இடம் நிறைந்திருக்கும். ஒரு வருடம் லயன் ஸ்டவுட் என்ற கறுப்பு பியரில் ஃப்ளோட் செய்து கொடுத்தோம். வறுத்த வாற்கோதுமையின் கோப்பிக் கசப்புக்கு வனிலா மிகவும் பொருந்தும். அந்தச் சுவையில் எனக்குக் குறையே இல்லை.

ஒரு நாள் மாலையில் ஓர் இளைஞர் வந்தார். மதியம் முழுவதும் கடலில் இருந்தவர், ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இது பியர்தானே, அதிலும் பாதி ஐஸ்கிறீம்தானே என்று சொல்லி இரண்டு குடித்தார். பிறகு எழுந்து வாடகை ஸ்கூட்டரின் திறப்பைக் கையில் எடுத்தார். திறப்பைத் துவாரத்தில் நுழைக்க முயன்றார். அது பக்கத்து உலோகத்தில் கிறீச்சிட்டது. மீண்டும் முயன்றார், மீண்டும் கிறீச்சிட்டது. நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், திறப்பை வாங்கிக்கொண்டு, தெரிந்த ஓட்டோக்காரத் தம்பியிடம் அவரை ஏற்றி அனுப்பினேன். அந்தக் கிறீச்சொலி கேட்காத தூரத்தில் நான் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அன்று இரவு போத்தலை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 சதவீதம். 625 மில்லிலீற்றர் போத்தலில் 55 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. எங்களிடம் இருந்த சாராயப் போத்தலில் 33.5 சதவீதம் என்று எழுதியிருந்தது. அப்படியானால் பாதிப் போத்தல் ஸ்டவுட் ஊற்றிய இரண்டு ஃப்ளோட்களைக் குடித்தவர், 164 மில்லிலீற்றர் சாராயம், அதாவது ஏறக்குறைய ஒரு கால் போத்தல் சாராயம் குடித்தவருக்குச் சமம். பால் நிலைய அண்ணா சொன்ன 30 மில்லிலீற்றர் சாராய ஃப்ளோட்டில் மதுசாரம் 10 மில்லிலீற்றர்தான். பியர் என்ற பெயரைக் கேட்டு எவரும் ஏமாற வேண்டாம். இலங்கையில் வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருந்தால் குற்றம்; 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதும் குற்றம். ஒன்றுகூடலுக்கு வருபவர்கள் வீடு திரும்பும் வழியை முதலில் ஒழுங்கு செய்துவிட்டுத்தான் போத்தலைத் திறக்க வேண்டும். பௌர்ணமிப் போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும் என்பதால், சிலர் முதல் நாளே தேவைக்கு மேல் வாங்கி வைத்து, வாங்கியது இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஊற்றித் தீர்ப்பதையும் கண்டிருக்கிறேன். எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை கிளாஸ் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த அளவு மட்டும் வாங்குங்கள். சோற்றையோ கொத்து ரொட்டியையோ முதலில் பரிமாறுங்கள். வெறும் வயிற்றில் ஃப்ளோட் கொடுக்காதீர்கள்.

டச்பார் பேரன்

அறுகம்பை அண்ணா சொன்ன கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பால் நிலைய அண்ணாவின் வரிசையை நான் ஏற்கமாட்டேன். அவர் சொல்வது போல ஐஸ்கிறீமைக் கடைசியில் மெதுவாக வைத்தால், பானம் திரையாது என்பது உண்மை; நுரையும் போதிய அளவு வராது. நுரை இல்லாத ஃப்ளோட், எங்கள் வீட்டில் ஃப்ளோட் ஆகாது.

எங்கள் பறங்கியர் வீடுகளில் கூடினால் வயலின் இருக்கும், கஃப்ரிஞ்ஞா ஆட்டம் இருக்கும், மேசையில் இனிப்பும் இருக்கும். அம்மம்மா தமது கடைசிக் கோடையில், பல் ஒன்றும் இல்லாத நிலையில், ஸ்டவுட் ஃப்ளோட்டின் நுரையை மட்டும் நீளமான கரண்டியால் வழித்து வழித்துச் சாப்பிட்டார். கீழே இருந்த கறுப்புப் பானத்தைத் தொடவே இல்லை. நுரை தணியத் தணிய, மூத்தண்ணா பக்கத்தில் நின்று இன்னொரு சிறு உருண்டையை உள்ளே விடுவார். புசுபுசுவென்று மீண்டும் எழும்பும். அம்மம்மாவின் மேலுதட்டில் மண்ணிறமாக ஒட்டும். அவரைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த உதடுதான்.

நுரை எழும்புவதற்குக் காரணம், ஐஸ்கிறீமில் உள்ள நுண்ணிய பனித்துணிக்கைகளிலும் காற்றுக் குமிழிகளிலும் பானத்தின் வாயு பற்றிக்கொண்டு வெளியேறுவதும், கொழுப்பும் புரதமும் அந்தக் குமிழிகளை உடையவிடாமல் தாங்குவதும் ஆகும். ஆகவே ஓர் உருண்டையை முதலில் போட்டு, குளிர்ந்த ஸ்டவுட்டைச் சற்று உயரத்திலிருந்து ஊற்றி, நுரை விளிம்புக்கு வந்ததும் நிறுத்தி, தணிந்த பின் இரண்டாவது உருண்டையை விடுங்கள். தேசிக்காய் சேராதவரை, எங்கள் வீட்டில் ஸ்டவுட்டில் ஒருபோதும் திரைந்ததில்லை.

அக்கரைப்பற்று வயற்காரன்

ஐஸ்கிறீம் கல்லைப் போல இருந்தால்தான் மேலே சொன்ன எந்த முறையும் சரிவரும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது, தங்கச்சியின் திருமணப் பேச்சு முடிந்து இரு வீட்டாரும் கூடியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு இளைஞர்களுக்காக வாங்கி வைத்த நான்கு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்தபோது, அது மஞ்சள் நிறப் பாலாக ஆடியது. மீண்டும் உறைய வைத்துக் கொடுத்ததில், நாக்கில் மணல் போல நெருடியது. சம்பந்தியார் ஒருவர் எதையோ மென்று பார்ப்பது போல வாயை அசைத்ததை நான் கண்டேன். உருகி மீண்டும் உறைந்த ஐஸ்கிறீமில் பனித்துணிக்கைகள் பெரிதாகிவிடுகின்றன. அதை ஒன்றும் செய்ய முடியாது. சூட்டில் உருகிக் கிடந்த பாலை மீண்டும் உறைய வைத்துக் கொடுப்பதும் வயிற்றுக்கு ஆகாது என்று பிறகுதான் அறிந்து வருந்தினேன்.

அதன் பிறகு நான் செய்வது இதுதான். மீன்வாடியில் ஐஸ்கட்டி வாங்கி, சாக்கில் வைத்து உடைத்து, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்று கலந்து பெரிய அலுமினியச் சட்டியில் கொட்டி, நன்றாக மூடிய ஐஸ்கிறீம் பெட்டியை அதன் நடுவில் புதைத்துவிடுவேன். உப்புச் சேர்ந்த ஐஸ் பூச்சியத்துக்குக் கீழ் இருபது பாகை வரை குளிரக்கூடியது. சட்டியைச் சுற்றி உமியைச் சாக்கோடு இறுக்கி வைத்தால், எங்கள் வெயிலிலும் மாலை வரை கட்டி கலையாது. அந்த ஐஸ் மீனுக்கானது. ஒரு துண்டும் கிளாஸுக்குள் விழக்கூடாது. பெட்டியின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

கல்லடி உப்போடை வாசி

கடந்த சனிக்கிழமை ஒன்பது பேருக்கு மீண்டும் செய்தேன். சாராயம் அடியில், அளவு 30 மில்லிலீற்றர், தேசிக்காயின் தோல் மட்டும். பால் நிலைய அண்ணாவின் வரிசையையே பின்பற்றினேன்; நுரை சற்றுக் குறைவாக இருந்ததை டச்பார் அண்ணாவுக்காக ஒப்புக்கொள்கிறேன். ஆரையம்பதி அக்கா சொன்னபடி பிள்ளைகளுக்கு எவர்சில்வர் டம்ளர், வேறு மேசை. மாமாவை ஓட்டோவில் அழைத்து வந்து, ஓட்டோவிலேயே அனுப்பினேன்.

மாமா இந்த முறையும் கிளாஸை மின்குமிழுக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"மருமகன், அண்டைக்கு நான் குடிச்சதும் இதுதானா?"