எழுபது கிலோவைத் தாண்டினால் ஓட முடியாதாம்!

மைதானத்தான்:
நேற்று தராசு அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "காலேஜ் பையன் எழுபது கிலோவைத் தாண்டினால் ஃபிட்னஸ் போச்சு" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். என் ஹாஸ்டல் அறைத்தோழன் 82 கிலோ, உயரம் 172 செ.மீ. காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுத்தபோது 1500 மீட்டரை 6 நிமிடம் 40 விநாடியில் முடித்தான். கெடு 7 நிமிடம். கூட ஓடிய 54 கிலோ நண்பன் மூன்றாவது சுற்றிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு கோல் போஸ்ட் ஓரம் உட்கார்ந்துவிட்டான்.

தராசு:
அப்படியானால் பிஎம்ஐ, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், 27.7. நம் ஊர்க் கணக்கில் 25ஐத் தொட்டாலே உடல்பருமன். சரி, எத்தனை சுற்று ஓடினான்?

மைதானத்தான்:
ஐந்து.

தராசு:
400 மீட்டர் தடத்தில் 1500க்கு மூன்றே முக்கால் சுற்று போதும். ஐந்து என்றால் 2000 மீட்டர். அதை 6:40இல் முடிக்கிறவனுக்கு எதற்குக் காவலர் வேலை?

மைதானத்தான்:
எங்கள் மைதானம் 300 மீட்டர்.

தராசு:
அளந்தது யார்?

ஒல்லிப்பிச்சான்:
நடுவில் 54 கிலோக்காரனை ஏன் இழுக்கிறீர்கள்? வெறும் வயிற்றோடு வந்திருப்பான்.

மைதானத்தான்:
வெறும் வயிறா? நான்கு பரோட்டா, சால்னாவோடு. பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.
தராசு அண்ணா, பிஎம்ஐக்கு அடிப்போட்ட குவெட்டலே 1830களில் பெல்ஜியத்தில் இருந்த கணக்குக்காரர், வைத்தியர் அல்ல. ஊர் மொத்தத்துக்கும் சராசரி பார்க்கப் போட்ட கணக்கு அது. தசை எது, தொப்பை எது என்று அதற்குத் தெரியாது. சீனியர் கபடியில் 85 கிலோ வரை விடுகிறார்களே, அவர்கள் எல்லாம் ஃபிட் இல்லையா? போன வருடம் இதே வாயால்தான் புரதப் பவுடர் இல்லாமல் உடம்பு ஏறாது என்றீர்கள். உங்களை நம்பி ஒரு டப்பா வாங்கி வயிற்றுப்போக்கு வந்ததுதான் மிச்சம்.

தராசு:
பாலில் கலக்கச் சொன்னேன், மோரில் அல்ல. அதே தேர்வில் கயிறு ஏற வேண்டுமே, உன் 82 கிலோ ஏறினானா?

மைதானத்தான்:
பேச்சு ஓட்டத்தைப் பற்றி.

தராசு:
ஏறவில்லை! சரி, 300 மீட்டர் என்று அளந்தது யார்?

மைதானத்தான்:
பி.டி. சார். சுண்ணாம்புக் கோடே போட்டிருக்கிறார்.

பழையமாணவன்:
நானும் அங்கே படித்தவன். மழைக்கு அந்தக் கோடு பாதி இருக்காது. பையன்கள் புளியமரத்துக்கு உள்பக்கமாகவே வெட்டி ஓடுவார்கள்.

தராசு:
ஆகா! அப்படியானால் 250கூடத் தேறாது.

மைதானத்தான்:
அவன் மரத்துக்கு வெளியேதான் ஓடினான்!

ஒல்லிப்பிச்சான்:
ஓடுகிற அன்று நான்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தது யார்?

மைதானத்தான்:
ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வாருங்கள், அளந்தே பார்த்துவிடலாம்.

தராசு:
என்ன டேப்? தையல்கடை டேப்பா?