பார்க்காமல் இட்ட கையெழுத்து: வார்டில் பயிற்சியாளர்களை மதிப்பிட்ட சில அனுபவங்கள்

பொது மருத்துவத் துறை ஆசிரியை ஒருவர் பகிர்ந்தது

இருபத்திரண்டு ஆண்டுகளாக வட சென்னையில் பொது மருத்துவம் பயிற்றுவித்து வருகிறேன். இந்த ஆண்டுகளில் நான் இட்ட கையெழுத்துகளில் பெரும்பகுதி பயிற்சி மருத்துவர்களின் லாக் புக்கில், அதாவது அவர்கள் செய்து பழகிய செயல்களைப் பதிவுசெய்யும் ஏட்டில், இட்டவையாகத்தான் இருக்கும். அவற்றுள் எத்தனை, அந்த மாணவர் அந்தச் செயலைச் செய்ததை நேரில் பார்த்த பிறகு இட்டவை என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கம் எனக்கு எந்த நாளில் வந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர், ஆஸ்துமா காரணமாக ஒரே மழைக்காலத்தில் மூன்றாவது முறையாக எங்கள் வார்டில் சேர்ந்திருந்தார். மருந்தும் சரியானது, அளவும் சரியானது. ஒவ்வொரு முறை வீட்டுக்கு அனுப்பும்போதும் ‘இன்ஹேலர் பயன்படுத்தும் முறை கற்பிக்கப்பட்டது’ என்று கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது முறை அவரை அனுப்பும் பொறுப்பு ஒரு ஹவுஸ் சர்ஜனிடம் (படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கும் மருத்துவரிடம்) இருந்தது. நல்ல பையன், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் இன்ஹேலரைப் பற்றி நான் கேட்டபோது ஒரு படியும் விடாமல் சொன்னவன். வழக்கமாக ரௌண்ட்ஸ் முடிந்தால் நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். அன்று ஏதோ ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்ததால் அங்கேயே நின்றேன்.

மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதடுகளை இறுக்கமாக வைத்து, மெதுவாக ஆழ்ந்து இழுக்கும்போதே அழுத்தி, பத்து விநாடி அடக்கிக்கொள்ள வேண்டும் என்று அவன் வரிசையாகச் சொன்னான். சொன்னதில் எந்தப் பிழையும் இல்லை. “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்டான். “புரிஞ்சிச்சி கண்ணு” என்றார் அவர். அவன் பேனாவை எடுத்துவிட்டான். நான் குறுக்கிட்டு, “அம்மா, எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க” என்றேன். அவர் சுருக்குப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார், வாயை அகலத் திறந்தார், ஒரு சாண் தள்ளிப் பிடித்து அழுத்தினார். பாதி மருந்து கன்னத்தில் பட்டது. உள்ளே போன மீதியைத் தண்ணீர் குடிப்பதுபோல விழுங்கினார். பிறகு, சரியாகச் செய்துவிட்டேனா என்று கேட்பதுபோல எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாங்கள் அவனுக்குச் செய்ததையே அவன் அந்த அம்மாவுக்குச் செய்திருந்தான். நாங்கள் சொல்லச் சொன்னோம், அவன் சொன்னான், நாங்கள் கையெழுத்துப் போட்டோம். அவன் புரிந்ததா என்று கேட்டான், அவர் புரிந்தது என்றார், அவன் எழுதிவிட்டான். யாரும் யாரையும் செய்து காட்டச் சொல்லவில்லை.

மருத்துவக் கல்வி படித்தவர்களுக்கு மாணவரின் திறனை எந்தெந்தப் படியில் மதிப்பிடுகிறோம் என்று காட்ட 1990-இல் ஜார்ஜ் மில்லர் வரைந்த பிரமிடு தெரிந்திருக்கும். அடியில் ‘அறிந்திருக்கிறார்’, அதற்கு மேல் ‘எப்படி என்று அறிந்திருக்கிறார்’, அதற்கும் மேல் ‘செய்து காட்டுகிறார்’, உச்சியில் ‘செய்கிறார்’. நானே அதைப் பலகையில் வரைந்து பாடம் நடத்தியிருக்கிறேன். எழுத்துத் தேர்வும் வைவாவும் முதல் இரண்டு படிகளைத் தாண்டுவதில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் வெளியிட்ட ஆஸ்கி (OSCE) என்னும் செய்முறைத் தேர்வு முறை, மாணவர்களை ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு நகர்த்தி, எல்லோருக்கும் ஒரே பணியைக் கொடுத்து, ஒரே பட்டியலை வைத்து மதிப்பெண் இடுவதால் மூன்றாம் படியை நியாயமாக அளக்கிறது. ஆனால் மாணவர் தேர்வு என்று தெரிந்து நடந்துகொள்வதும், கூட்டம் நெருக்கும் ஓ.பி.யில் மதியம் ஒரு மணிக்கு நடந்துகொள்வதும் ஒன்றல்ல. நான்காம் படியைப் பார்க்க வேண்டுமானால் ஆசிரியர் அந்தக் கட்டிலருகே நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்காகவே ஜான் நோர்சினியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995-இல் மினி-சி.இ.எக்ஸ். என்ற முறையை முன்வைத்தார்கள். பயிற்சியாளர் உண்மையான நோயாளி ஒருவரோடு ஈடுபடுவதைப் பதினைந்து இருபது நிமிடம் அருகிலிருந்து பார்ப்பது, ஏழு தலைப்புகளில் ஒன்பதுக்கு மதிப்பெண் இடுவது, உடனே உட்கார்ந்து பேசுவது, இவ்வளவுதான். ஒரு நோயாளியிடம் நன்றாகச் செய்பவர் இன்னொரு நோயாளியிடமும் அப்படியே செய்வார் என்று கொள்ள முடியாது என்பதால், வேறு வேறு நோயாளிகளிடம், வேறு வேறு ஆசிரியர்கள், பல முறை பார்க்க வேண்டும். நம் இறுதித் தேர்வின் ‘லாங் கேஸ்’ முறையில் எனக்குள்ள மனக்குறையும் இதுவே. ஒரே நாள், ஒரே நோயாளி. அந்த நோயாளியிடம் மாணவர் பேசும்போது தேர்வாளர் பெரும்பாலும் அருகில் இருப்பதில்லை. பிறகு மாணவர் ஒப்பிக்கும் கதையைத்தான் கேட்கிறார். 2019-ஆம் ஆண்டு சேர்க்கை முதல் நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் அடிப்படையிலானதாக மாற்றப்பட்டு, மாணவர் எந்தெந்தத் திறனைத் தாமே செய்து சான்று பெற வேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் பார்க்காமல் கையெழுத்திடும் கை மாறாதவரை, லாக் புக் தடிமனாவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

இப்போது வாரத்துக்கு மூன்று பேரை இப்படிப் பார்க்கிறேன். நேரமில்லை என்று சொல்லும் நண்பர்களுக்கு என் பதில், முழுவதையும் பார்க்க முடியாவிட்டால் ஒரு துண்டைப் பாருங்கள் என்பதே. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் பார்க்கலாம், வீட்டுக்கு அனுப்பும்போது பேசுவதை மட்டும் பார்க்கலாம். இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். ஒன்பதுக்கு ஆறு என்று நான் இடும் எண்ணால் மாணவருக்குப் பயனில்லை. ‘நீ கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போனாய்’ என்று எழுதும் ஒரு வரிதான் அவருக்குப் பயன்படுகிறது.

அந்த அம்மாவுக்கு, இன்ஹேலரில் பொருத்தி மருந்தை எளிதாக இழுக்க உதவும் ஸ்பேசர் குழாய் வாங்கிக் கொடுத்தோம். அந்தப் பையனே உட்கார்ந்து, நான்கு முறை அவரைச் செய்து காட்டச் சொல்லிப் பழக்கினான். மறுபடி அவர் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. தை மாதத்தில் ஒரு முறை வந்தார். ஆனால் அன்று சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

செவிலியர் கல்லூரி டியூட்டர் ஒருவர் பகிர்ந்தது

மேடம் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு சார்ட் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு கட்டில்கள், பத்துப் பேருக்கு இரத்த அழுத்தம் 120/80, இருவருக்கு 110/70. அத்தனை பேருக்கும் அப்படி இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். எழுதியவர் மூன்றாம் ஆண்டு மாணவி. அவரை அழைத்துக்கொண்டு முதல் கட்டிலுக்குப் போய் எனக்கு எதிரே பார்க்கச் சொன்னேன். நைட்டியின் கைமேலேயே கஃபை (காற்றடைக்கும் பட்டையை) சுற்றினார். நோயாளியின் கை கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நாடியைத் தொட்டு முதலில் மதிப்பிடவில்லை. காற்றை ஒரே மூச்சில் திறந்துவிட்டு, “120/80 மேடம்” என்றார். நோயாளியை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி, நாடி மறையும் அளவுக்கு மேல் 30 ஏற்றி, விநாடிக்கு இரண்டு இரண்டாக இறக்கி நான் பார்த்தபோது 168/102 இருந்தது. மாணவியின் ரெக்கார்டைப் புரட்டினேன். இரத்த அழுத்தம் பார்க்கும் திறனுக்கு முதல் ஆண்டிலேயே கையெழுத்து ஆகியிருந்தது.

தேர்ச்சி இல்லை என்று எழுதினேன். ‘கவனக்குறைவான மாணவி’ என்று எழுதாமல், மேலே சொன்ன நான்கு செயல்களையும் பார்த்தது பார்த்தபடி எழுதினேன். அதன்பின் ஸ்டாஃப் ரூமில் என்னோடு பேசியவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் பேசினார்கள். எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண், அப்பா லோடு தூக்குபவர், ஒரு போஸ்டிங்கில் (வார்டுப் பயிற்சியில்) நிறுத்தினால் வீட்டில் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்றார்கள். அந்த இரவு நானும் தூங்கவில்லை. தேர்ச்சி பெறாத மாணவரையும் ஆசிரியர்கள் ஏன் தேர்ச்சி பெறச் செய்துவிடுகிறார்கள் என்பதை ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி செவிலியர் பயிற்சியில் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார். நம் ஸ்டாஃப் ரூமில் நடப்பது அங்கேயும் நடந்திருக்கிறது.

நான்கு வாரம் மீண்டும் போஸ்டிங் போட்டோம். என் ஒருத்தியின் தீர்ப்பாக இருக்கக் கூடாது என்பதற்காக இன்னும் இரண்டு ஆசிரியர்களையும் பார்க்கச் சொன்னேன். இரண்டாம் நாள், வேறெதையும் பார்க்காமல் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்டேன். ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனைகள் முன்னோக்கி இருப்பதற்குப் பதிலாகப் பின்னோக்கி இருந்தன. திருப்பிப் போடச் சொன்னேன். கஃபில் காற்று இறங்க இறங்க அவர் கண்கள் விரிந்தன. “மேடம், இந்தச் சத்தமா?” என்று கேட்டார். மூன்று ஆண்டுகளாக அவருக்கு எதுவும் தெளிவாகக் கேட்கவே இல்லை. எல்லோருக்கும் கேட்கிறது, தமக்கு மட்டும் கேட்கவில்லை என்று சொல்லப் பயந்து 120/80 என்று எழுதி வந்திருக்கிறார். அத்தனை ஆசிரியர்களில் ஒருவர் கூட அவர் எதிரே நின்று பார்த்திருக்கவில்லை.

அவர் பிறகு தேர்ச்சி பெற்றார். இறுதி ஆண்டு முடியும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. அது எனக்கு வருத்தம்தான், ஆனால் எழுதியதை மாற்றியிருக்க மாட்டேன்.

பயிற்சி மருத்துவர் ஒருவர் பகிர்ந்தது

மதிப்பிடப்படுபவன் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். நான் திருநெல்வேலிக்காரன். ஹவுஸ் சர்ஜனாக இங்கே வந்த மூன்றாம் வாரம், துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் வியர்வையோடு வந்தார். “நெஞ்சு வலி இருக்காய்யா?” என்று கேட்டேன். “வலிலாம் இல்ல சார், கேஸு” என்றார், வாயுத் தொல்லை என்ற பொருளில். ‘நெஞ்சு வலி இல்லை’ என்று எழுதினேன். என் யூனிட்டின் உதவிப் பேராசிரியர் அன்று என்னை மதிப்பிட வந்து, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். நான் எழுதி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு நோயாளியிடம் குனிந்து, “அண்ணே, எப்படி இருக்குது, உங்க வாயால சொல்லுங்க” என்று மட்டும் கேட்டார்.

“மாரு மேல யாரோ ஒக்காந்துனு கீற மாரி கீது சார்.”

இ.சி.ஜி.யில் இதயத்தின் கீழ்ப்பகுதியில் மாரடைப்பு தெரிந்தது. அவரை மேலே அனுப்பி வைத்த பிறகு, படிக்கட்டருகே நின்றபடியே சார் என்னிடம் ஐந்து நிமிடம் பேசினார். இதயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வியோடு நான் தொடங்கியதையும், அந்த மனிதர் ‘கேஸு’ என்று சொன்னபோது கையை மார்பின் நடுவில் வைத்திருந்ததையும், அந்த நேரத்தில் நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். மதிப்பெண் தாளில் அந்த மூன்றையும் எழுதி, என்னைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கேஸ் ஷீட்டுக்குத் திரும்பிப் போய், ‘நெஞ்சு வலி இல்லை’ என்ற வரியை ஒற்றைக் கோடிட்டு அடித்து, தேதியும் நேரமும் போட்டு, அந்த நோயாளி சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே தமிழில் எழுதினேன்.