மெல்பர்னிலிருந்து அடிலெய்டு: ஒரு வழி சொல்லுங்களேன்

வணக்கம். நவம்பர் கடைசியில் நானும் மனைவியும் மெல்பர்னில் கார் வாடகைக்கு எடுத்து அடிலெய்டு வரை போகிறோம். கல்லூரி நண்பன் ஒருத்தன் ஜீலாங்கில், இன்னொருத்தன் அடிலெய்டில். பார்த்துப் பல வருஷம் ஆச்சு.

நேர் வழி சுமார் 730 கிலோமீட்டர், ஒரே நாளில் போய்விடலாம். ஆனால் கடலோரமாகப் போகும் 243 கிலோமீட்டர் கிரேட் ஓஷன் ரோட்டை விட மனசு வரவில்லை. பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளை மாலை வெயிலில் பார்க்க ஆசை. அதன்பிறகு இருட்டில் ஓட்டினால் கங்காரு குறுக்கே பாயும் என்கிறார்கள். அப்படியானால் போர்ட் கேம்ப்பெல்லிலேயே தங்கலாமா, வார்னம்பூல் போய்விடலாமா? மவுண்ட் கேம்பியர் நீல ஏரிக்காக ஓர் இரவு தகுமா? காரை அடிலெய்டில் விட்டால் கூடுதலாக எவ்வளவு கேட்பார்கள்?

பழ ஈ கட்டுப்பாட்டால், அடிலெய்டு இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் பழம், காய்கறி கொண்டுபோகக் கூடாது என்று தெரியும். ஜீலாங் நண்பன் வீட்டுக் கறிவேப்பிலையை அடிலெய்டுக்கு எடுத்துப்போயே தீருவேன் என்கிறாள் என் மனைவி. நான் சொன்னால் கேட்கமாட்டாள். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள், அப்படியே காட்டிவிடுகிறேன்.