ஜப்பான் படப்பிடிப்புகளுக்குப் பொருள் வாடகைக்கு விடும் குடும்பங்கள்: நேரில் பழகியவர்கள் எழுதுங்கள்

கியோட்டோவிலிருந்து:

பழைய சாமுராய் படங்கள் பார்க்கிறவர்கள் டைட்டிலில் தகாட்சு ஷோகாய் என்ற பெயரைக் கவனித்திருக்கலாம். கியோட்டோவில் 1918இல் தொடங்கிய நிறுவனம். பழம்பொருள் வியாபாரத்திலிருந்து படப்பிடிப்புக்குப் பொருள் கொடுக்கும் தொழிலுக்கு வந்தவர்கள். நம் சினிமாக்காரர்கள் ப்ராப்பர்ட்டி என்பார்களே, அதுதான். இந்தத் தொழிலில் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. யாருக்காவது பழக்கம் இருந்தால் எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இது வேறொரு சின்னக் குடும்பம், பெயர் வேண்டாம்.

படிக்கிற காலத்தில் உசுமாசா பக்கம் தங்கியிருந்தேன். ஸ்டூடியோக்கள் இருக்கிற பகுதி என்பதால் துணை நடிகர் வேலை எப்போதாவது கிடைக்கும். ஒரு சரித்திரத் தொடருக்கு மாநிறமான ஆட்கள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல் வந்து இறங்குகிற காட்சி. ஐரோப்பியர் வந்து இறங்கியதை மடக்குத் திரைகளில் வரைந்த அந்தக் காலத்து நம்பான் ஓவியங்களைப் பார்த்தால் கப்பல் தலைவனுக்குக் குடை பிடித்துக்கொண்டும் சுமை தூக்கிக்கொண்டும் கறுத்த மனிதர்கள் நிற்பார்கள். கப்பல்கள் கோவா வழியாக வந்தவை, அதனால் எங்களைப் போட்டதில் தப்பே இல்லை.

எனக்கு ஒரு மரப்பெட்டி கொடுத்தார்கள். ப்ராப்பர்ட்டி பார்த்துக்கொண்டவர் அந்தக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை, அறுபது வயது இருக்கும். காலிப் பெட்டியைத் தூக்கினால் நடையில் தெரிந்துவிடும் என்று உள்ளே மணல் மூட்டை வைத்திருந்தார். கயிறு புதிதாக வெள்ளையாக இருந்ததால் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பாக்கியிருந்தார். உதவியாளர் பெட்டியைக் கட்டியிருந்த முடிச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. அது ஜப்பான் வியாபாரி கட்டுகிற முடிச்சு, கப்பல்காரன் இப்படிக் கட்டமாட்டான் என்று அவிழ்த்து வேறு மாதிரி கட்டினார். கேமரா எங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று நினைக்கிறீர்கள்! திரையில் என் பெட்டி ஒரு புள்ளி. முடிச்சாவது மண்ணாவது.

அப்புறம் பக்கத்தில் ஒரு பையனுக்குப் புகைக்குழாய் கொடுத்தார். கிசேரு என்று நீளமாக இருக்குமே, அது. கொடுத்ததோடு விடவில்லை. சாமுராய் பிடிப்பது ஒரு விதம், வியாபாரி பிடிப்பது ஒரு விதம், விவசாயி பிடிப்பது இன்னொரு விதம் என்று செய்தே காட்டினார். கபுகி என்ற பழைய ஜப்பானிய நாடக மேடையிலிருந்து வந்த பழக்கமாம். பொருளுக்கு மட்டும்தான் வாடகை. இந்தப் பாடத்துக்குத் தனியாகப் பில் போடுவதில்லை என்று சிரித்தார்.

டோக்கியோவிலிருந்து:

எனக்குக் கிடைத்தது இதற்கு நேர் எதிர்ப்பக்கம், அவர்கள் பொருள் வாங்குகிற இடம். பக்கத்து வீட்டுப் பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போனபோது அவர் மகள் வீட்டைக் காலி செய்தார். நானும் உதவிக்குப் போயிருந்தேன். தெரிந்தவர் மூலமாக ஒரு ப்ராப்பர்ட்டி கடைக்காரர் வந்தார். அரக்குப் பூசிய விருந்துப் பாத்திரங்களை அந்த அம்மா பெருமையாக எடுத்து வைத்திருந்தார். கடைக்காரர் அவற்றை மரியாதைக்குப் பார்த்துவிட்டு நகர்ந்தார். நல்ல பொருளை எல்லா வீட்டிலும் பத்திரமாக வைத்திருப்பார்கள், எங்களிடமும் நிறைய இருக்கிறது என்றார்.

அவர் ஆசையாக எடுத்தது என்ன தெரியுமா? பாதி தீர்ந்த சலவைத்தூள் பெட்டி, பிஸ்கட் தகரம், வங்கி கொடுத்த காலண்டர், மின்கட்டண ரசீதுக் கட்டு, பிள்ளையின் பள்ளிப் பை, குட்டையான மடக்கு மேசை. அந்த மேசைக்குச் சாபுதாய் என்று பெயர். சாமுராய்கள் இருந்த எடோ காலக் காட்சியில் அதைப் போட்டால் மானம் போய்விடும், அப்போது ஆளுக்கொரு தனித் தட்டுமேசையில்தான் சாப்பிட்டார்கள் என்றார். கறுப்பு டெலிபோனைக் கையில் எடுத்ததும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். 1950இல் வந்த 4ஆம் எண் மாடலா, 1960களில் வந்த 600 மாடலா என்று பார்த்தாராம். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் சுழற்றும் வட்டு. யுத்தம் முடிந்து பத்து வருடத்தில் நடக்கிற கதையில் 600 இருந்தால் மறுநாளே பார்வையாளர்களிடமிருந்து புகார் வருமாம். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் இன்றுவரை தெரியாது.

ஒசாகாவிலிருந்து:

ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய ஸ்டூடியோக்கள் ஏன் தாங்களே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை? வெளியாளுக்கு ஏன் வாடகை கொடுக்க வேண்டும்?

கியோட்டோவிலிருந்து:

சின்னச் சின்னப் பொருள்கள் ஸ்டூடியோவிலும் இருக்கும். ஆனால் ஒரு ஸ்டூடியோவுக்கு ஒரு பல்லக்கு வருடத்தில் எத்தனை நாள் வேண்டியிருக்கும்? வாடகைக் கடையில் இருந்தால் எல்லா ஸ்டூடியோவுக்கும் சுற்றும். கபுகியிலேயே இது தொடங்கிவிட்டது. டோக்கியோவின் ஃபுஜினாமி கொடோகு என்ற வாடகை நிறுவனம் 1872இல் ஆரம்பித்தது. நாடகங்களுக்கான பொருள்களை ஒரே இடத்தில் சேர்த்து வாடகைக்கு விட்டவர் முதலாம் ஃபுஜினாமி யோஹெய். அடுத்து வந்த தலைமுறைகளும் அதே யோஹெய் என்ற பெயரையே ஏற்றுக்கொண்டன. பின்னால் தொலைக்காட்சி வந்ததும் அதற்கும் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். ‘ராஷோமோன்’ எடுத்த தாயேய் நிறுவனம், 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது வாங்கியது, 1971இல் திவாலானது. கியோட்டோவில் அதன் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது வீடுகள். பொருள் கொடுத்த குடும்பங்கள் அடுத்த கம்பெனிக்குக் கொடுக்கப் போய்விட்டன. யாருடைய இலாகாவாகவும் இல்லாமல் இருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

ஆனால் இப்போது காலம் கடினம். வாராவாரம் வந்த சரித்திரத் தொடர்கள் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. 1969இல் தொடங்கிய ‘மிட்டோ கோமோன்’ வாராந்தரத் தொடர் 2011இல் முடிந்தது. கடைசியில் ஒரு மருந்துச் சிமிழை நீட்டியதும் வில்லன்கள் தரையில் விழுவார்களே, அந்தத் தொடர். சிமிழில் இருந்த, அப்போது நாட்டை ஆண்ட தொகுகாவா குடும்பத்தின் முத்திரையைப் பார்த்துத்தான் அந்தப் பயம். ப்ராப்பர்ட்டியே கதாநாயகனாக இருந்த தொடர் என்று எனக்குப் பெட்டி கொடுத்த அந்தப் பெரியவர் சொல்லிக் கொள்வார்.

கோபேயிலிருந்து:

அவர்களைக் கிடங்கில் போய்ப் பார்ப்பது கஷ்டம், தொழில்காரர்களுக்கு மட்டும்தான் திறப்பார்கள். கியோட்டோ தோஜி கோயிலில் ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி பழம்பொருள் சந்தை கூடும், 25ஆம் தேதி கிடானோ கோயிலில். விடிகாலையிலேயே போய்விடுங்கள். அழகான கிண்ணங்களை விட்டுவிட்டு, ஓட்டைத் தகரப் பெட்டிக்கு யாராவது பேரம் பேசிக்கொண்டிருந்தால் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.